பானைப் பக்கம்

கொஞ்சம் தள்ளி உக்காருங்கம்மா, இந்தப் பையை நான் மடியிலயே வெச்சுக்கிறேன். கீழ வெக்க முடியாது, உள்ள சாயோ இருக்குது. சாயோன்னா அரிசித் தாள்ல கறியும் இறாலும் வெச்சு உருட்டிப் பொரிக்கிற பலகாரம். பாண்டிச்சேரில கேட்டா எல்லாருக்கும் தெரியும். நீங்க திண்டிவனமா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான். சம்பந்தி வீட்டுக்குப் போறேன். சண்டை போடத்தான். சண்டைக்குப் போனாலும் வெறுங்கையோட போக முடியுமா, சொல்லுங்க.

என் மூஞ்சியப் பாத்து யோசிக்க வேணாம், நானே சொல்லிடுறேன். இல்லன்னா திண்டிவனம் வர்ற வரைக்கும் கேக்கவும் மாட்டீங்க, விடவும் மாட்டீங்க. நேபாளம் இல்ல. மணிப்பூரும் இல்ல. இப்ப கண்டக்டர் எங்கிட்ட இந்தியில சில்லறை கேட்டான் பாத்தீங்களா? தமிழ்ல பதில் சொன்னேன், டிக்கெட்டக் கீழ போட்டுட்டான். எங்கப்பா சவரிராயன், பாண்டிச்சேரி குருசுக்குப்பத்துக்காரர். பிரெஞ்சுக்காரன் இருந்த காலத்துல சைகோனுக்குப் போயி, துறைமுகத்துல காவல் வேலை பாத்தாரு. எங்கம்மா வியட்நாம்காரங்க, மீத்தோன்னு ஒரு ஊரு. அங்க சண்டை முடிஞ்ச வருஷம் எல்லாரும் கெளம்பி இங்க வந்துட்டோம். அப்ப எனக்குப் பதினாலு வயசு.

பேரு ழெர்மேன். பாஸ்போர்ட்ல அப்படித்தான் இருக்குது. தெருவுல யாருக்கும் வாயில நுழையல, ஜெர்மன் அக்கான்னு ஆயிடுச்சு. பொறந்தது சைகோன், இருக்கிறது பாண்டிச்சேரி, பேரு ஜெர்மன். வீட்ல அம்மா கூப்பிட்டது ஹான். ஹான்னா நடத்தை, நல்ல நடத்தை. அதுக்கு ஒரு கதை இருக்குது. எங்க ஊர்ல பொம்பளைக்கு நாலு குணம் வேணும்பாங்க. கோங், யுங், ஙோன், ஹான். வேலை, தோற்றம், பேச்சு, நடத்தை. நாலு பொண்ணு பெத்து நாலு பேரையும் வெக்கணும்னு எங்கம்மாவுக்கு ஆசை. வரிசையா அஞ்சும் பையனாப் பொறந்துச்சு. கடைசியா நான். பேர்ல ஒண்ணுதான் கெடச்சுது, ஆனா நாலு குணத்தையும் என் ஒருத்தி தலையில கட்டிட்டாங்க. அதுல பேச்சுன்னா மெதுவாப் பேசணும், அளவாப் பேசணும், கேட்டாத்தான் பேசணும். எல்லாம் எனக்கு அப்பவே வந்துடுச்சு.

எதுக்குச் சொல்றேன்னா, எல்லாம் அந்தக் கவிதையால வந்த வினை. என் மருமக எழுதினது. அருள்மொழின்னு பேரு. காலேஜ்ல தமிழ் நடத்துறா. என் பையன் ரொபேர் விரும்பிக் கட்டிக்கிட்டான். நான் ஒரு வார்த்தை தடுக்கல. நல்ல பொண்ணுங்க, எதிர்த்துப் பேச மாட்டா. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகுது, கொழந்த இன்னும் இல்ல. அதப் பத்தி நான் ஒண்ணும் கேக்கறதில்ல, மாசத்துக்கு ஒரு தடவதான் கேப்பேன்.

அவ வந்த மறுநாளே நான் எங்க வீட்டு முறையச் சொல்லிக் குடுத்தேன். நாங்க சாப்பிட உக்காந்தா, பாய் விரிச்சு, நடுவுல பெரிய வட்டத் தட்டு வெச்சு, குழம்பு, கீரை, மீன் எல்லாத்தையும் அதுல பரப்பி, சுத்தி உக்காருவோம். ஆளுக்கு ஒரு கிண்ணம். சாப்பாட்டத் தொடங்கறதுக்கு முன்னாடி சின்னவங்க பெரியவங்க ஒவ்வொருத்தருக்கும் மொய் சொல்லணும். மொய்னா எங்க பாஷையில சாப்பிட வாங்கன்னு மரியாதையாக் கூப்பிடுறது. மொய் பா, மொய் மா, அப்படி வரிசையா. புதுப் பொண்ணு பக்கத்துல நின்னுட்டிருக்கா. மொய் சொல்லும்மா, மாமாவுக்கு முதல்லன்னு சொன்னேன். விறுவிறுன்னு உள்ள போனா. கல்யாணத்துல வந்த மொய்க் கவர் அத்தனையும் பையோட தூக்கிட்டு வந்து எங்க வீட்டுக்காரர் மடியில வெச்சுட்டா. அவரும் வாங்கி வெச்சுக்கிட்டாரு. அந்த மாதிரி மனுஷன் அவரு. ஃபெலிக்ஸ்னு பேரு. போடுறத சாப்பிடுவாரு, குடுக்கறத வாங்கிக்குவாரு, வாய மட்டும் தொறக்க மாட்டாரு.

அப்புறம் பானைப் பக்கம். இதத்தான் நீங்க நல்லாக் கேட்டுக்கணும், எல்லாமே இதுலதான் இருக்குது. சோத்துப் பானை தட்டுல இருக்காது, ஓரமா தனியா இருக்கும். அந்தப் பானைப் பக்கத்துல வீட்டுக்கு மருமக உக்காரணும். மருமக இல்லாத வீட்ல சின்னப் பொண்ணு. யாரு கிண்ணம் நீட்டினாலும் வாங்கி, சோறு போட்டு, ரெண்டு கையால திருப்பிக் குடுக்கணும். நீட்டறதுக்கு முன்னாடியே யாரு கிண்ணம் காலின்னு தெரியணும். சோறு தீரப் போகும்போது கரண்டி அடியில உரசுற சத்தம் வெளிய வரக் கூடாது, வந்தா சாப்பிடறவங்க கூச்சப்பட்டுக் கைய எடுத்துடுவாங்க. சைகோன்ல அந்த இடத்துல உக்காந்தது நான். அஞ்சு அண்ணன், அப்பா, அம்மா, அம்மாவோட தம்பி ஒருத்தர். ஒரு சுத்து முடியறதுக்குள்ள முதல் கிண்ணம் திரும்ப வந்துடும். நான் ஒரு வாய் வெக்கறதுக்குள்ள மூணு கை நீளும். கடைசில பானை அடியில காந்தல் இருக்குமே, தீய்ஞ்ச சோறு, அதுதான் எனக்கு. எனக்கு அது பிடிக்கும்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லுவாங்க. சொல்லிச் சொல்லி எனக்கும் அது பிடிக்குதோன்னு தோண ஆரம்பிச்சுது.

இங்க வந்து எனக்குக் கல்யாணம் ஆனப்புறமும் நான்தான். அருள்மொழி வந்ததும் அந்த இடத்த அவளுக்குக் குடுத்தேன். இப்ப பானை இல்ல, குக்கர். இருந்தாலும் பேரு பானைப் பக்கம்தான். சமையல்ல நான் அவள விடறதில்ல, சாயோ உருட்டச் சொன்னா போர்வை சுருட்டின மாதிரி உருட்டுவா. காலேஜ்லேருந்து வந்து முகம் கழுவிட்டு உக்காந்தாப் போதும். எவ்வளவு சுகமான வேலை, பாருங்க. நாங்க சாப்ட்டு எந்திரிச்சப்புறம் அவ சாப்பிடுவா. சாப்பிடுவான்னுதான் நெனைக்கிறேன், பாத்திரம் கழுவற சத்தம் கேக்கும்.

இப்ப மார்ச் மாசம் வந்துச்சுல்ல. மகளிர் தினம்னு காலேஜ்ல கூட்டம். பொம்பளைங்க வாழ்க்கையப் பத்தி இவ ஒரு கவிதை எழுதியிருக்கா, அத அங்க வாசிக்கப் போறாங்கன்னு ரொபேர்தான் வாய் தவறிச் சொன்னான். எங்கிட்ட அவ சொல்லல. பாருங்க, என்ன அடக்கம். நான் அவ மேசையிலேருந்து அந்தத் தாள எடுத்து வீட்டுக்காரர்கிட்ட குடுத்தேன், படிங்கன்னு. எனக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிப் படிச்சா பொழுது விடிஞ்சிடும். நான் படிச்சது பூரா பிரெஞ்சு. அவரு பேப்பர்ல மரண அறிவிப்பு படிக்கிற அதே குரல்ல கவிதையையும் படிச்சாரு. தலைப்பு பானைப் பக்கம். கேட்டதுமே எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு, கேளுங்க.

நான்கையும் கேட்டார்கள்,
நான்கையும் கொண்டுவந்தேன்.
கூடவே ஐந்தாவதாகப்
பசியும் வந்துவிட்டது.
அதை மட்டும்
பானைப் பக்கம் உட்கார்ந்து
பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அப்புறம் நடுவுல கொஞ்சம் வரும், அதுக்கப்புறம்,

நீளும் கிண்ணங்களை எனக்குத் தெரியும்.
நீட்டும் கைகளுக்கு
என்னைத் தெரியாது.

அழுதுட்டேங்க. ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது, முந்தானைய வாயில வெச்சுக்கிட்டு அழுதேன். ஏன்னா அது நான். அச்சு அசல் நான். தமிழ்க் கவிதையில எங்கங்க கிண்ணம் வரும்? தட்டு வரும், எலை வரும். கிண்ணம்னு வந்தா அது எங்க வீடுதான். நாலு குணம்னு வேற எழுதியிருக்கா. நான் சைகோன் கதை சொல்லும்போதெல்லாம் இந்தப் பொண்ணு குக்கர் பக்கத்துல உக்காந்து ஒண்ணும் பேசாமக் கேட்டுட்டிருப்பா. கேட்டது அத்தனையும் மனசுல வாங்கி, மாமியாருக்காக ஒரு கவிதையே எழுதிட்டா. எந்த மருமகங்க செய்வா? உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சுல்ல? மாமியார் இருக்காங்களா? கூடவேதான் இருக்காங்களா? சரி சரி, மூஞ்சியே சொல்லுது, விடுங்க.

வீட்டுக்காரர் மட்டும் தாள மடிச்சுட்டு, இது வேற மாதிரி இருக்குதேன்னு இழுத்தாரு. வருஷத்துக்கு ஒரு தடவ வாயத் தொறக்கற மனுஷன். உங்களுக்கு என்ன தெரியும் கவிதையப் பத்தின்னு அடக்கிட்டேன். ஆனா அந்த நாலு என்னன்னு மட்டும் கேட்டேன், தமிழ்ல அதுக்கு என்ன பேருன்னு தெரிஞ்சுக்கலாம்னு. அச்சம், மடம், நாணம், பயிர்ப்புன்னாரு. அவருக்கு அதுக்கு மேல அர்த்தம் தெரியல. எனக்குத் தெரிஞ்சிடுச்சு.

அந்தக் காலேஜ்ல தமிழுக்குத் தலைவரா ஒரு அம்மா இருக்காங்க, கோமளவல்லின்னு. ஒரு தடவ எங்க வீட்டுக்கு வந்து சாயோ சாப்ட்டுட்டு, இன்னும் அந்தக் கை மணக்குதுன்னு சொல்றவங்க. அவங்க எனக்குப் போன் பண்ணாங்க. கவிதைய அருள்மொழி வாசிக்கட்டும், பொண்ணுங்க வாழ்க்கை எல்லா நாட்லயும் எப்படி ஒண்ணா இருக்குதுன்னு, உங்க வியட்நாம் வளர்ப்ப அந்தக் கவிதையோட சேத்து நீங்க ரெண்டு வார்த்தை பேசணும்னாங்க. அவங்க கேட்டு முடிக்கறதுக்கு முன்னாடியே சரின்னுட்டேன். அருள்மொழிக்குத்தான் மனசே இல்ல. வேணாம் அத்தை, வெயிலு ஜாஸ்தின்னா. அங்க ஃபேன் ஓடாதுன்னா. நாற்காலி கூட சரியா இருக்காதுன்னா. என் மேல அவ்வளவு அக்கறை. நான் நின்னுட்டே பேசறேன்னு சொல்லிட்டேன்.

பட்டுப் புடவை கட்டிட்டுப் போனேன். அறை நெறையப் பொண்ணுங்க. இவ கவிதைய வாசிச்சா. குனிஞ்ச தலை நிமிராம, வேகமா, பஸ் போயிடும்னு ஓடறவ மாதிரி வாசிச்சா. நானே எந்திரிச்சு, மெதுவா வாசிம்மான்னு சொல்லி ரெண்டாந்தடவை வாசிக்க வெச்சேன். அப்புறம் மைக் எங்கிட்ட வந்துச்சு.

நான் வரிக்கு வரி விளக்கினேங்க. நாலு குணத்தையும் எடுத்துக்கிட்டேன். முதல்ல அச்சம். சைகோன்ல குண்டு விழும், அதனால அச்சம். ரெண்டாவது மடம். என் மருமக எவ்வளவு நுணுக்கமா எழுதியிருக்கா பாருங்க, நான் படிச்சது கன்னியாஸ்திரிங்க மடத்துலதான்னேன். பொண்ணுங்க அப்படியே கை தட்டுறாங்க. மூணாவது நாணம். பாண்டிச்சேரி வந்த புதுசுல தண்ணிக் குழாயாண்ட எல்லாரும் என் மூஞ்சியவே பாப்பாங்க, எனக்கு வெக்கமா இருக்கும், அதுதான் நாணம். நாலாவது பயிர்ப்பு. எங்கம்மா ஊரு மீத்தோ பூரா வயலு, பாத்த எடமெல்லாம் பயிருன்னேன். கோமளவல்லி அம்மா கைக்குட்டைய எடுத்து வாயப் பொத்திக்கிட்டாங்க. அழறாங்கன்னு நெனச்சேன். தோள் அப்படிக் குலுங்குது.

அப்புறம் பானைப் பக்கத்துக்கு வந்தேன். அஞ்சு அண்ணனையும் சொன்னேன், காந்தலச் சொன்னேன், கரண்டிச் சத்தத்தச் சொன்னேன். அங்க யாரும் சிரிக்கல. ஒரு பொண்ணு மேசை மேல தலைய வெச்சு அழுவுது. எங்கம்மாகிட்ட கூட நான் இதையெல்லாம் சொன்னதில்ல. அம்மா, எனக்குக் காந்தல் பிடிக்காதுன்னு ஒரு தடவ சொல்லியிருக்கலாம். அவங்க போயி எத்தனையோ வருஷம் ஆச்சு, இப்ப பாண்டிச்சேரில ஒரு மைக்ல சொல்றேன். இத்தனையையும் புரிஞ்சுக்கிட்டு எழுதினது என் மருமகதான்னு முடிச்சேன். எல்லாரும் எந்திரிச்சுக் கை தட்டினாங்க.

அத்தோட விட்டிருக்கலாம். யாருக்காவது கேள்வி இருக்குதான்னு கேட்டது நான்தான். பின்வரிசையில ஒரு பொண்ணு, கண்ணாடி போட்டது, எந்திரிச்சுது.

"இப்ப உங்க வீட்ல பானைப் பக்கம் யாருங்க உக்கார்றாங்க?"

"அருள்மொழிதான்."

பெருமையாச் சொன்னேங்க. அதுக்கென்ன, இருக்கறதத்தான சொன்னேன். அவ வந்த நாள்லேருந்து அவதான், ஒரு நாள் தவறினதில்ல, கரண்டி உரசற சத்தம் நான் கேட்டதே இல்லன்னு அவளப் பாராட்டியும் சொன்னேன். அப்புறம் யாரோ ஒருத்தி சிரிப்ப அடக்க முடியாம மூக்கால விட்டா. அவ்வளவுதான், மொத்த அறையும் சிரிக்குது. கோமளவல்லி அம்மா அருள்மொழியப் பாக்கறாங்க. அருள்மொழி தரையப் பாக்கறா. காதெல்லாம் செவந்து போச்சு. நாணம்னு நெனச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வர்ற வழியில ஆட்டோவுல அவ வெளியவே பாத்துட்டிருந்தா. என் பேச்சு எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன். மடம்னா அது இல்ல அத்தைன்னு மட்டும் சொன்னா. பின்ன என்னன்னேன். தெரிஞ்சாலும் தெரியாத மாதிரி இருக்கறதுன்னா. அப்படி ஒரு குணத்த யாராவது கேப்பாங்களா? தமிழ் படிச்சவங்க என்ன வேணா சொல்லலாம்.

இப்பதான் விஷயத்துக்கு வர்றேன். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு. பாய் விரிச்சாச்சு, தட்டு வெச்சாச்சு. விரால் மீன் குழம்பு. வீட்டுக்காரர் உக்காந்தாரு, ரொபேர் உக்காந்தான், நான் உக்காந்தேன். அருள்மொழி வந்தா. வந்து, ரொபேர் பக்கத்துல, சுவத்துல சாஞ்சு, காலை மடக்கி உக்காந்துட்டா. குக்கர் அந்த மூலையில அநாதையா இருக்குது. நான் அவளப் பாத்தேன். அவ மீனப் பாக்கறா. ரொபேர் அவன் கிண்ணத்துக்குள்ள எதையோ தேடறான். வீட்டுக்காரர் பழக்கத்துல கிண்ணத்த நீட்டிட்டாரு. வாங்க அங்க ஆள் இல்ல. நீட்டின கைய மடக்கவும் தெரியல அவருக்கு, அப்படியே பிடிச்சுட்டிருக்காரு. குழம்பு ஆறிப் போகுது. நான் கனைச்சேன். அருள், குக்கர் அங்க இருக்குதுன்னேன், இதமாத்தான் சொன்னேன். அவ நிமிந்து என்னப் பாத்தா. குரல் உயரல, கோவமும் இல்ல.

"அத்தை, இன்னிக்கு எனக்கும் பசிக்குது."

நீங்களே சொல்லுங்க, பசிக்காதேன்னு சொல்ல முடியுமா? வீட்டுக்காரர் கிண்ணத்தோட எந்திரிக்கப் போனாரு. ஆம்பளைங்க பானைப் பக்கம் போறதா, உக்காருங்கன்னுட்டேன். சரி, ஒரு தடவ எப்படி உக்காரணும்னு இவளுக்குக் காட்டிடலாம், மறந்துட்டாப் போலிருக்குதுன்னு நானே எந்திரிச்சுப் போய் குக்கர் பக்கத்துல உக்காந்தேன். ஆறு வருஷத்துக்கப்புறம். அங்க சாஞ்சுக்கச் சுவர் இல்லங்க, பின்னாடி கதவு. காத்து முதுகுல அடிக்குது. நான் சொல்லியிருப்பேன், அவ சொன்னதே இல்ல.

வீட்டுக்காரருக்குப் போட்டேன், ரொபேருக்குப் போட்டேன். அருள்மொழி ரெண்டு கையாலயும் கிண்ணத்த நீட்டினா. போட்டேன். என் கிண்ணத்துல ஒரு கை சோறு வெச்சு ஒரு வாய் எடுத்திருப்பேன், வீட்டுக்காரர் நீட்டறாரு. போட்டுட்டுத் திரும்பறேன், ரொபேர். அப்புறம் அருள்மொழி. மறுபடியும். மீன் குழம்ப ஊத்தி, முள்ள எடுத்து வெச்சு, கண்ண மூடிட்டு சாப்பிடறா. மூணாந்தடவையும் அவ கிண்ணம் வந்துச்சு. என்னப் பழி வாங்கத்தான் கேக்கறான்னு நெனச்சேன். மூஞ்சிய உத்துப் பாத்தேன். பழி வாங்கறவ மூஞ்சி அப்படி இருக்காதுங்க. பசிச்சு சாப்பிடறவ மூஞ்சிதான் அது. நெத்தியில வேர்த்திருக்குது. நான் கரண்டிய விட்டேன், சரக்குன்னு அடியில உரசிடுச்சு. நாலு பேருக்கும் கேட்டுச்சு. எங்கம்மா இருந்திருந்தா முதுகுலயே ஒண்ணு வெச்சிருப்பாங்க. இருந்ததச் சுரண்டி அவளுக்குப் போட்டுட்டேன். குக்கர்ல காந்தல் கூட மிஞ்சலங்க. நான் ரெண்டு வாழைப்பழத்தோட படுத்தேன்.

படுக்கப் போறதுக்கு முன்னாடி ரொபேர் வந்து சொன்னான். லாஸ்பேட்டைல ஒரு வீடு பாத்து வெச்சிருக்காங்களாம், வாடகைக்கு. கவிதை எழுதறதுக்கு முன்னாடியே பாத்ததாம். ஒரே பையங்க எனக்கு. அவங்க போயிட்டா நானும் வீட்டுக்காரரும்தான். அவர்கிட்ட பேசறதும் சுவத்துகிட்ட பேசறதும் ஒண்ணு. ஏன்டா, நான் என்ன கொறை வெச்சேன்னேன். அருள்கிட்ட கேளுன்னுட்டான். கேட்டேன். போகணும்னு ஆசையில்ல அத்தை, இந்த வீடு எனக்குப் பிடிக்கும், உங்க கதையும் பிடிக்கும்னா. ஆனா இனிமே பானைப் பக்கம் முறை வெச்சு உக்காரணுமாம். ஒரு நாள் அவ, ஒரு நாள் நான், ஒரு நாள் ரொபேர், ஒரு நாள் மாமா. சரின்னா இருக்கோம், இல்லன்னா மாசக் கடைசியில அந்த வீட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டா.

ஆம்பளைங்க பானைப் பக்கம். கேட்டீங்களா இந்த அநியாயத்த? எங்கப்பா சைகோன்ல துப்பாக்கி பிடிச்சவரு, கரண்டி பிடிச்சதில்ல. நான் மாட்டவே மாட்டேன்னேன். அப்ப உள்ளேயிருந்து ஒரு குரல் வருது. "எனக்குத் திங்கக்கிழமை தோதுப்படும்." யாருன்னு நெனைக்கிறீங்க? எங்க வீட்டுக்காரர்தான். ஆயுசுல முதல் தடவையா ஒரு அபிப்பிராயம் சொல்லியிருக்காரு, அதுவும் அவளுக்குச் சாதகமா.

அதான் இன்னிக்குக் காலையில எந்திரிச்சு சாயோ பொரிச்சு எடுத்துட்டுக் கெளம்பிட்டேன். சம்பந்தியம்மா ஞாயம் தெரிஞ்சவங்க. உங்க பொண்ணக் கூப்ட்டு நாலு வார்த்தை சொல்லுங்க, வீடு மாறற பேச்ச விடச் சொல்லுங்கன்னு கேக்கப் போறேன். பஸ் ஏறினப்ப எல்லாம் வரிசையா மனசுல இருந்துச்சு. இப்ப உங்ககிட்ட சொல்லிட்டு வரும்போதுதான் என்னவோ தடுமாறுது. கிளியனூர் தாண்டிட்டோமா? அப்ப கிட்ட வந்துட்டோம்.

என்ன தடுமாறுதுன்னா, அவ அவ்வளவு சாப்பிடுவான்னு எனக்குத் தெரியாதுங்க. கண்ணால கண்டதில்ல. கொஞ்சமா சாப்பிடற பொண்ணு, மெலிஞ்ச உடம்புன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். அவங்கம்மாகிட்டயும் அதத்தான் சொன்னேன். உங்க பொண்ணுக்குச் சோறு எறங்காது போலன்னு நான் சொன்னப்ப, அந்தம்மா என்னயே பாத்துட்டிருந்தாங்க. இங்க வந்தா நல்லா சாப்பிடுவாளேன்னு மட்டும் சொன்னாங்க. பெத்தவங்க அப்படித்தான் சொல்லுவாங்கன்னு விட்டுட்டேன்.

பையக் கொஞ்சம் பிடிங்க, எந்திரிச்சுக்கிறேன். சூடு ஆறல, பாத்து. இப்ப போய்க் கதவத் தட்டினதும், வாங்க, உக்காருங்க, என்ன விஷயம்னு கேப்பாங்க. விஷயத்தச் சொல்லித்தான ஆகணும். உங்க பொண்ணு சுவத்துல சாஞ்சு உக்காந்து, விரால் மீன் குழம்ப ஊத்தி, மூணு தடவ சோறு வாங்கி வயிறார சாப்ட்டான்னு நான் புகார் சொல்லி, அதக் கேட்டு அந்தம்மா சந்தோஷப்பட்டுட்டாங்கன்னா, நான் என்னங்க பண்றது?